ஆரஞ்சு கிளிப்

மூன்றாவது திருகாணி கழன்று மேஜையில் உருண்டது. விளிம்பைத் தாண்டுவதற்குள் பெரில் டிரான்டர் அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பத்தொன்று காட்டியது. நாலு மணிக்கு ஃபைனல். பத்தொன்பது நிமிடம் இருந்தது.

ரிமோட் காரின் வயிற்றிலிருந்து சர்வோவை உருவி எடுத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ரிமோட்டில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அந்தப் பக்கம் காரின் முன்சக்கரங்களைத் திருப்புவது அதன் வேலை. இன்று காலையிலிருந்து அது தன் இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் அதையே கழட்டறியா?" பக்கத்து மேஜையிலிருந்து ராய்ஸ்டன் மேக்பீஸ் கேட்டான். வாயில் சாசேஜ் ரோல். "சர்வோவை விட்டுடும்மா, பாவம். கையை மாத்து."

"எந்தக் கையை?"

"ரிமோட்டைப் பிடிக்குதே, அந்தக் கையை."

"பஸ் டிப்போல இருபத்திரண்டு வருஷமா வயரிங் பாக்கற கை இது. நீ தினம் வேலைக்குப் போற பஸ் நடுரோட்டுல நிக்குதா?"

"நடுரோட்டுல நிக்குது. ஸ்டாப்புலதான் நிக்கறதில்ல."

"அது டிரைவர் கோளாறு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

பெரிலுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ராய்ஸ்டன் கெட்டவன் இல்லை. ஆனால் தகுதிச் சுற்றில் அவன் ஏழாவது. ஃபைனலில் ஆறு பேருக்குத்தான் இடம். ஆறாவது பெரில். அவள் விலகினால் அவன் உள்ளே. அதோடு அவன் வலது கணுக்காலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் வேறு. ரேஸ் முடித்தவர்கள் அடுத்த ரேஸுக்குத் தடத்தோரம் நின்று கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான விதி. அப்படி நின்றவனின் கணுக்காலில்தான் பெரிலின் கார் போய் முட்டியது.

அது கடைசி வளைவில் நடந்தது. காலையிலிருந்து நாலு முறை, அதே வளைவு. இடது பக்கம் திரும்ப வேண்டிய கார், திடீரென்று வெறி பிடித்த மாதிரி வலது பக்கம் வெட்டி, தடத்தின் எல்லையாகப் போட்டிருந்த பழைய தீயணைப்புக் குழாயை ஏறித் தாண்டியது.

டட்லி பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் இந்த கிளப்பில், ஃபைனல் வரைக்கும் வந்த முதல் பெண் பெரில். நாற்பத்தொன்பது வயது. ஜனவரியில் சேர்ந்தபோது, "மகனுக்காக வந்தீங்களா?" என்று கேட்டார்கள். "எனக்கு மகனே இல்ல. கார்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேஜையைத் துடைத்து உட்கார்ந்தாள். மார்ச் மாதமும் ஆகிவிட்டது. இன்று வெளியே போனால், போனவள் போனவள்தான். "பொம்பளைக்கு வளைவு வராது" என்ற பேச்சு ஹாலில் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

அதற்கு அவள் இடம் கொடுப்பதாக இல்லை.

சர்வோவை, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் இன்னொரு துளையில், வேகக் கட்டுப்பாட்டுக்கான துளையில், சொருகிப் பார்த்தாள். ஒழுங்காக ஆடியது. சர்வோவில் கோளாறு இல்லை. காலையிலேயே ஒருமுறை புது சர்வோ மாட்டியாயிற்று. அதுவும் இதே கூத்துதான் ஆடியது. ஸ்டியரிங் கம்பியைக் கழற்றிவிட்டு விரலால் சக்கரங்களை அசைத்தாள். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போனது. சிக்கல் இல்லை. மோட்டாரின் மின் இரைச்சலை அடக்கப் பற்றவைத்திருந்த மூன்று குட்டிக் கெப்பாசிட்டர்களில் ஒன்றின் கால் விரிசல் விட்டிருந்ததை மதியமே சால்டர் வைத்துச் சரிசெய்திருந்தாள். ரிமோட்டுக்குப் புது பேட்டரி. ஏரியலை முழுசாக இழுத்துவிட்டிருந்தாள். அலைவரிசையை முடிவு செய்யும் கிரிஸ்டலை அழுத்திப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது.

எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"பெரில்."

தலைக்கு மேலே குரல். கிளைவ் ஆஸ்பின்வால் நின்றிருந்தார். கிளப்பின் செயலாளர், போட்டி நடத்துநர், மைக்கில் பேசுபவர். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளிப் பலகையின் தகப்பன்.

அந்தப் பலகை ஹால் வாசலில் தொங்கியது. ரேடியோவில் ஆறு அலைவரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். ரிமோட்டில் எந்தக் கலர் கிரிஸ்டல் இருக்கிறதோ, காரிலும் அதே கலர். ஒரே கலரில் இரண்டு பேர் சுவிட்ச் போட்டால் ஒருத்தர் கார் இன்னொருத்தர் பேச்சைக் கேட்கும். அதனால் பலகையில் ஆறு துணி கிளிப்புகள், கலருக்கு ஒன்று. கிளிப்பை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டியவர் மட்டுமே ரேடியோ போடலாம். கீழே கிளைவின் கையெழுத்தில் சிவப்பு அடிக்கோட்டுடன் எழுதியிருந்தது: "கிளிப் இல்லாமல் எந்த ரேடியோவைப் போட்டாலும் அன்றே வீட்டுக்கு. யாராக இருந்தாலும்."

பெரிலின் கலர் ஆரஞ்சு. அவள் கேட்டு வாங்கியதில்லை. அவள் சேர்ந்தபோது அந்த ஒன்றுதான் யாரும் தொடாமல் கிடந்தது. ராசியில்லாத கலராம். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று பேர் ஆரஞ்சைக் கைகழுவியிருந்தார்கள். அவர்களில் ராய்ஸ்டனும் ஒருவன். "ஓட்டத் தெரியல" என்று கிளைவ் மைக்கிலேயே சொன்னதற்கு அப்புறம் நவம்பரில் நீலத்துக்கு மாறியவன் அவன்.

"என்ன சார்?" என்றாள் பெரில், தலையைத் தூக்காமல்.

"நாலு தடவை குழாயைத் தாண்டிடுச்சு. ஒருத்தன் காலு வீங்கியிருக்கு. அஞ்சாவது தடவை யாரு காலோ. நானே உன்னை ஃபைனல்லேருந்து எடுத்துடலாம்னு பாத்தேன்."

"எடுக்கலையே."

"நியாயமா நடந்துக்கறேன். மூணு அம்பத்தஞ்சுக்குக் காரை என் மேஜைக்குக் கொண்டா. ஒரு முழு நிமிஷம் சக்கரம் ஆடாம நின்னா ஃபைனல்ல நீ. ஆடுச்சுன்னா ராய்ஸ்டன்."

"சர்வோவுல ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப ஓட்டறவங்ககிட்டதான் இருக்கு. நீயே சொல்லிட்ட." கிளைவ் திரும்பிப் போனார். கடைசி வளைவை ஒட்டியிருந்த தன் நீளமான மேஜையில், மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். மேஜையை மூடிய பச்சைத் துணி தரைவரை தொங்கியது.

ராய்ஸ்டன் மெல்வதை நிறுத்தியிருந்தான். "நான் ஒண்ணும் அவர்கிட்ட கேக்கல, பெரில்."

"தெரியும். சாப்பிடு."

அவள் சர்வோவைத் திரும்ப மாட்டினாள். டிப்போவில் கோளாறு தேடும்போது அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே கோளாறு என்று முதலில் கேட்கமாட்டாள். எப்போது என்று கேட்பாள். மழை பெய்தால் மட்டும் அணையும் விளக்கு, ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் அடிக்கும் ஹாரன். நேரம் தெரிந்தால் இடம் தானாகத் தெரியும். அதனால் கார் பைத்தியம் பிடித்த ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் பேனாவால் குறித்துவைத்திருந்தாள்.

11.20. 12.45. 2.10. 3.20.

அந்த எண்களையே வெறித்துப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. நாலாவது திருகாணியை முடுக்கிவிட்டு, காரைக் கவிழ்த்து வைத்துச் சுவிட்சைப் போட்டாள். ரிமோட்டைப் போடவில்லை. ரிமோட் அணைந்திருந்தால் ரிசீவருக்குக் கேட்க ஒன்றுமே இல்லை. சக்கரம் சும்மா கிடக்க வேண்டும்.

சும்மாதான் கிடந்தது. பத்து விநாடி. இருபது விநாடி.

பிறகு, யாரும் தொடாமல், சக்கரங்கள் இரண்டும் சடாரென்று வலது பக்கம் திரும்பி, நடுங்கி, திரும்பி வந்து நின்றன.

பெரிலின் கைகள் மேஜையிலேயே இருந்தன. இரண்டு கையும். ரிமோட் அணைந்து கிடந்தது.

சட்டென்று தலையைத் தூக்கி ஹாலைப் பார்த்தாள். இருபது பேர் இருந்தார்கள். யார் கையிலும் ரிமோட் இல்லை. எல்லா கிளிப்பும் பலகையில், ஆரஞ்சு மட்டும் அவள் ஏரியலில். ஒருத்தர் தடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ராய்ஸ்டன் விரலை நக்கிக்கொண்டிருந்தான். கிளைவ் மேஜைக்குக் கீழே குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பச்சைத் துணிக்கு மேலே அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

மணி மூன்று நாற்பத்தாறு. ஐந்தாவது எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம் கழித்து ஹால் கதவு திறந்தது. கிளைவின் மனைவி எட்னா, நீலக்கோடு போட்ட பெரிய கோப்பையோடு வந்தாள். கோப்பையைக் கிளைவ் முன்னால் வைத்தாள். திரும்பிப் போனாள்.

பெரில் கிளைவின் கால்களைப் பார்த்தாள். மேஜைத் துணியின் ஓரத்தில் ஷூக்கள் எட்டிப் பார்த்தன. மாட்டிக்கொண்டு நடக்கும் ரகம். அதில் லேஸே கிடையாது.

"எங்க போற?" என்றான் ராய்ஸ்டன்.

"டீ குடிக்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

டீ கவுண்டர் ஹாலுக்கு வெளியே, இரண்டு கதவுகளையும் ஒரு நீளமான தாழ்வாரத்தையும் தாண்டி இருந்தது. அங்கிருந்து ஹாலைப் பார்க்கவும் முடியாது. ஹாலில் யாராவது கத்தினாலும் கேட்காது. எட்னா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா பெரில். பால் கொஞ்சம்தான் இருக்கு. உன்னையும் எடுத்துட்டாரா?"

"இன்னும் இல்ல. உங்ககிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும் எட்னாக்கா."

"ரெண்டென்ன, நாலு கேளு. இங்க என்கிட்ட யார் என்ன கேக்கறா? டீ, டீ, டீ. அந்த மனுஷனுக்கே இன்னிக்கு அஞ்சாச்சு."

அஞ்சு. பெரில் கையை ஜெர்சிக்குள் இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள். முதல் கேள்வியைக் குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

எட்னா சிரித்துவிட்டாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, ரொட்டி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினாள். பெரில் பார்த்தாள். தொடவில்லை.

"எப்பலேருந்து?" அது இரண்டாவது கேள்வி.

"போன அக்டோபர். கல்யாண நாளுக்கு வாங்கித் தந்தாரு. மத்தவ புருஷன் மோதிரம் வாங்குவான், சங்கிலி வாங்குவான். எனக்கு வாய்ச்சது இது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு வேற உத்தரவு." எட்னா அதைத் திரும்ப டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். "ஏம்மா, முகம் என்ன இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல டீ கேட்டா, எத்தனைன்னு திரும்பக் கேட்டு உறுதி பண்ணிக்குங்க. இன்னிக்குக் கணக்கு தப்பும்."

சரியாக மூன்று ஐம்பத்தைந்துக்கு பெரில் காரைத் தூக்கிக்கொண்டு ஹாலின் குறுக்கே நடந்தாள். ரிமோட்டை ராய்ஸ்டன் கையில் திணித்திருந்தாள்.

"இதை நான் எதுக்குப் பிடிச்சுக்கணும்?"

"என் கைதானே கோளாறு. என் கையில இருக்கவேண்டாம். சுவிட்ச் அணைஞ்சிருக்கான்னு நல்லா பாத்துக்க."

"அணைஞ்சிருக்கு."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"அணைஞ்சிருக்குப்பா," என்றான் ராய்ஸ்டன் சத்தமாக. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பத்துப் பேர் எழுந்து வந்தார்கள். ஒரு பொம்பளை தோற்பதைப் பார்க்க எப்போதும் கூட்டம் சேரும்.

பெரில் காரைக் கிளைவின் மேஜையில், மைக்குக்குப் பக்கத்தில், ஒரு மரக்கட்டை மேல் தூக்கி வைத்தாள். முன்சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. காரின் சுவிட்சைப் போட்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் கிளைவ், கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து. "இப்பலேருந்து."

சக்கரங்கள் அசையவில்லை. பத்து விநாடி போனது. பெரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, களைத்துப் போனவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"சார். கை லேசா நடுங்குது. நீங்க சொன்னது நிஜம்தானோ என்னவோ. எனக்கொரு டீ சொல்லுங்களேன்."

கிளைவின் முகம் இளகியது. அவள் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். வழிக்கு வந்தவர்களிடம் அவர் தாராளமானவர்.

"அதுக்கென்ன. ஒரு நிமிஷம், இந்த லேஸு..." என்று சொல்லிக்கொண்டே மேஜைக்குக் கீழே குனிந்தார்.

சக்கரங்கள் சடாரென்று வலது பக்கம் திரும்பின. நடுங்கின. நடுவுக்கு வந்து நின்றன.

கூட்டத்தில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். கிளைவ் நிமிர்ந்தார். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"ஆடிடுச்சா?"

"ஆடிடுச்சு," என்றான் ராய்ஸ்டன். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. கையிலிருந்த ரிமோட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், ஆனா இது அணைஞ்சுல்ல இருக்கு."

"அணைஞ்சிருந்தா என்ன, எரிஞ்சா என்ன. விதின்னா விதி. பெரில், நீ அவுட். மனசுல வச்சுக்காதே."

"வச்சுக்கல," என்றாள் பெரில். எழுந்திருக்கவில்லை. "அவுட்டுன்னே இருக்கட்டும். ராய்ஸ்டன் ஃபைனலுக்குப் போறான். அவனுக்கும் ஒரு டீ சொல்லுங்க."

"எனக்கு ரெண்டு சர்க்கரை," என்றான் ராய்ஸ்டன், பழக்கதோஷத்தில்.

கிளைவ் அரை மனசோடு குனிந்தார். பச்சைத் துணிக்குக் கீழே ஏதோ முணுமுணுப்பு கேட்டது. சக்கரங்கள் வலது பக்கம் போய் நடுங்கின, திரும்பி வந்தன.

இந்தத் தடவை யாரும் "ச்சு" கொட்டவில்லை. தடம் பெருக்கியவர் விளக்குமாறோடு அருகே வந்து நின்றார்.

"இன்னொண்ணு சொல்லுங்க சார்," என்றாள் பெரில். "எல்லாருக்குமே சொல்லுங்க."

கிளைவ் குனியவில்லை. அவர் கண் முதல்முறையாகச் சக்கரத்தின் மேல் போனது. அங்கிருந்து பெரிலின் முகத்துக்கு வந்தது. காதுமடல் இரண்டும் மெதுவாகச் சிவந்தன.

"நாலு மணியாகப் போகுது," என்றார். "ஃபைனலுக்கு எல்லாரும்..."

"பலகையில எழுதியிருக்கறதைக் கொஞ்சம் மைக்கில படிச்சுட்டுப் போலாம் சார். கடைசி வரி."

அவர் படிக்கவில்லை. ராய்ஸ்டன் வாசல் பக்கம் திரும்பி, தூரத்திலிருந்தே, ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். "கிளிப் இல்லாமல் எந்த ரேடியோவைப் போட்டாலும் அன்றே வீட்டுக்கு. யாராக இருந்தாலும்." படித்துவிட்டு நிறுத்தினான். "எந்த ரேடியோ, பெரில்? இங்க யார்கிட்டயும் ரேடியோ இல்லையே."

பெரில் தன் ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஏரியலிலிருந்த ஆரஞ்சு கிளிப்பைக் கழற்றினாள். கிளைவின் டீக் கோப்பைக்குப் பக்கத்தில், பச்சைத் துணி மேல், சத்தம் வராமல் வைத்தாள்.

"இதை நீங்க எடுத்திருக்கணும் சார். அக்டோபர்லேருந்து. நீங்க எடுக்காததால மூணு பேர் ஓட்டத் தெரியாதவங்க ஆனாங்க. நான் நாலாவதா ஆகமாட்டேன். நாலு மணிக்கு ஃபைனல்ல நான் நிக்கறேன். சரிதானே?"

ராய்ஸ்டன் அசையாமல் நின்றான். அக்டோபர், நவம்பர் என்று அவன் உதடு மட்டும் அசைந்தது. கூட்டம் கிளைவைப் பார்த்தது.

"சரி," என்றார் கிளைவ். மைக்குக்கே கேட்காத குரல்.

"என்ன சரி? யாராவது விளங்கச் சொல்லுங்கப்பா," என்றார் விளக்குமாறுக்காரர். "மேஜைக்குக் கீழ என்னதான் இருக்கு?"

பெரில் விரலை உதட்டில் வைத்தாள்.

மேஜையில் காரின் சக்கரங்கள் மெல்ல நடுங்க ஆரம்பித்தன. பச்சைத் துணிக்குப் பின்னால், கிளைவின் லேஸ் இல்லாத ஷூக்களுக்கு நடுவிலிருந்து, ஒரு தகரக் குரல் கரகரத்தது. அது பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் சக்கரங்கள் வலது பக்கம் வெட்டி வெட்டி ஆடின.

"எத்தனை டீன்னு தெளிவா சொல்லித் தொலைங்க கிளைவ். ரெண்டா மூணா? அக்டோபர்லேருந்து சொல்றேன், இந்த வாக்கி டாக்கியில ஒண்ணும் சரியா கேக்கறதில்ல. யாரோ பொம்மைக் காரு ஓட்டறவங்க நடுவுல புகுந்து கெடுக்கறாங்க."